ஹேண்ட்பிரேக் போட்டானா நெஸ்டர்?

1

இந்தக் கதை எனக்கு ஒரு மேக்கப் வேனில் கிடைத்தது. என் முகத்துக்கு யாரும் பவுடர் பூசவில்லை. நான் வசனம் எழுதுகிறவன். என் முகம் எப்படி இருந்தால் யாருக்கு என்ன? அந்த வேனில் காபி நன்றாக இருக்கும். படப்பிடிப்பு நாட்களில் காலையில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து ஓசிக் காபி குடிப்பது என் வழக்கம். எங்கள் தலைமை மேக்கப்காரி யொலாண்டா கிரோஸ், ஒருவர் கன்னத்தில் தடவிக்கொண்டே ஊர்வம்பு அத்தனையும் சொல்வாள். ஒரு நாள் அவள் வாயே திறக்கவில்லை. கவனம் வேறு எங்கோ இருந்தது. கமாண்டர் பிரான்டின் புருவம் கோணிக்கொண்டு போய்விட்டது.

கமாண்டர் பிரான்ட் யார் என்று கேட்கிறீர்களா? நியாயம்தான். 'நங்கூரச் சட்டம்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர். கடற்படை வக்கீல்களின் கதை. வாரம் ஒரு வழக்கு, வெள்ளைச் சீருடை, கடைசி ஐந்து நிமிடத்தில் உண்மை கூண்டில் ஏறி அழும். லாஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கே வேலன்சியாவில் ஒரு கிடங்குக்குள் நீதிமன்றம், போர்க்கப்பல், பென்டகன் மூன்றையும் கட்டி வைத்திருந்தோம். அதில் எட்டு வருடமாகக் கமாண்டர் பிரான்டாக நடித்தவர் டெல்மர் ஹார்க்னெஸ். எழுத்தறையில் இருந்தவர்களில் ஒருவன் நான், மணவாளன். அங்கே எனக்கு மேனி என்று பெயர். மெக்சிகோக்காரர்களிடையே அது சகஜமான பெயர், அதனால் பாதிப் பேர் என்னை மெக்சிகோக்காரன் என்றே நினைத்தார்கள். யொலாண்டா நினைக்கவில்லை. அவள் நிஜமாகவே மெக்சிகோக்காரி.

(பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். தொடரின் பெயரையும்தான். கோணிய புருவம் மட்டும் நிஜம்.)

2

எப்படித் தொடங்கலாம்? முதல் முயற்சி:

சான் டியேகோ வளைகுடாவில் பொழுது புலர்ந்தபோது ஒரு பெலிகன் பறவை தன் சிறகை —

வேண்டாம். பெலிகனுக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை. இரண்டாவது:

டெல்மர் ஹார்க்னெஸ் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். வெள்ளைச் சீருடையில் அவர் —

கண்ணாடி பார்க்கிற கதாநாயகனோடு தொடங்கும் கதையை நானே புரட்டிவிட்டு வைத்துவிடுவேன். ஆனால் என்ன செய்ய, டெல்மர் உண்மையிலேயே கண்ணாடி பார்ப்பார். டெக்சாசில் லபக் என்ற ஊரில் ஷூக் கடையில் நின்ற மனிதர் அவர். சீருடை போட்டதும் தன்மேல் தனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது, பாவம். சூப்பர் மார்க்கெட்டில் யாராவது "கமாண்டர்" என்று கூப்பிட்டால் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் திரும்புவார். தான் ஒரு நடிகன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் எழுத்தறைக்கு வந்து, கதவிலேயே நின்று கேட்பார்.

"பண்ணினானா, பண்ணலியா?"

அந்த வாரத்துக் கட்சிக்காரன் உண்மையில் குற்றவாளியா என்பதைத்தான் கேட்கிறார். நாங்கள் சொல்வோம். தெரிந்துகொண்டு போய், தெரியாதவர் மாதிரி நடிப்பார். அதில் அவரை அடிக்க ஆளில்லை.*

* இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொடரில் யாருமே குற்றத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீதியின் மேல் அவ்வளவு பற்றா என்றால், மண்ணாங்கட்டி. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒருவன் "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிட்டால் மிச்சப் பக்கங்களுக்கு எதைப் படம் பிடிப்பது? ஆகவே சமரசம் பேச வருகிற அரசு வக்கீலிடம் கமாண்டர் பிரான்ட் சொல்லும் வசனம் எட்டு வருடமாக ஒன்றேதான்: "என் ஆள் பேரம் பேச மாட்டான்." டி-ஷர்ட்டில் எல்லாம் போட்டு விற்றார்கள்.

3

கோணிய புருவத்துக்கு வருவோம். டெல்மர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என்ன யோலி, என்னை வில்லனாக்கிட்டியா?"

யொலாண்டா பஞ்சைக் கீழே வைத்தாள். "என் பையன் பிடிவாதம் பிடிக்கறான். நீங்க சொன்னா கேப்பான்."

அவள் மகன் நெஸ்டர் நிஜக் கடற்படையில் நிஜ மாலுமி. சான் டியேகோ தளத்தில், படகு இறக்குகிற சரிவில் ஒரு காலையில் அரசாங்கத்தின் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டுக் காபி வாங்கப் போனான். திரும்பி வந்தபோது வண்டி தானாக உருண்டு கடலுக்குள் போய்க் குடியேறிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது வண்டி. கவனக்குறைவால் ராணுவச் சொத்தை அழித்ததாக வழக்கு.

கிரேன் வைத்துத் தூக்கியபோது ஹேண்ட்பிரேக் இறங்கியிருந்தது. சரி, அப்படியானால் அவன் போடவில்லை. ஆனால் தூக்கின ஆட்களில் ஒருவர், வண்டியை இழுத்துப் போவதற்காக, அதை இறக்கியிருக்கலாம் என்றும் பேச்சு. அவர்களுக்கும் நினைவில்லை.

பேரம் இதுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு மாதம் உள்ளே, வேலை போகாது. ஒப்புக்கொள்ளாமல் வழக்காடித் தோற்றால் ஒரு வருடம் வரை உள்ளே, கெட்ட பெயரோடு வெளியே. அப்புறம் எந்த வேலைக்குப் போனாலும் அந்தப் பெயர் முன்னால் போய் நிற்கும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடற்படை கொடுத்த வக்கீல், லெப்டினன்ட் புரூயிட் என்ற சின்னப் பெண், ஒப்புக்கொள் என்கிறாள்.

"அவன் என்ன சொல்றான் தெரியுமா?" என்றாள் யொலாண்டா. "'கமாண்டர் பிரான்டா இருந்தா பேரம் பேச மாட்டாரு'ங்கறான். ஸ்கூல் லீவுக்கெல்லாம் இந்த செட்லதான வளந்தான். உங்கள வக்கீல்னே நம்பிட்டான். நீங்க பண்ணி வச்ச வேலை இது, நீங்களே சரி பண்ணுங்க."

டெல்மர் பாதி மேக்கப்போடு என் பக்கம் திரும்பினார். "மேனி, எழுதிக் குடு. அவன் பேரத்துக்குச் சம்மதிக்கற மாதிரி ஒரு சீன்."

"அவரே பேசட்டுமே" என்று யொலாண்டா முனகினாள்.

"நான் சொந்தமா பேசினா நல்லா இருக்காது, யோலி" என்றார் டெல்மர். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை.

4

எழுதினேன். காசு வாங்காமல் எழுதிய ஒரே வசனம்.

முதல் படி: "மாலுமி, கடல் ஒரு மனிதனிடம் கேட்பது வெற்றியை அல்ல, —"

கடல் ஏற்கெனவே ஒரு வண்டியை வாங்கிக்கொண்டுவிட்டது. அடித்தேன்.

இரண்டாம் படி: "உன் அம்மாவைப் பார், நெஸ்டர். அந்தக் கைகள் —"

இது எங்கள் ஆறாவது சீசனில் வந்ததுதான். பையன் கண்டுபிடித்துவிடுவான்.

மூன்றாம் படி நன்றாக வந்தது. தோல்வியை ஏற்பதும் ஒரு வீரம்தான் என்கிற மாதிரி. இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அடுத்த நிமிடம் ஒரு சந்தேகம். அவன் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்? அப்படியானால் ஒரு நிரபராதியை அழகான தமிழில், மன்னிக்கவும், அழகான ஆங்கிலத்தில், சிறைக்கு அனுப்புகிறேன். வாசகரே, கதாபாத்திரம் என்றால் நான் தீர்மானித்துவிட்டுப் போவேன். இவன் பிறத்தியார் பிள்ளை.

இருந்தாலும் கொடுத்தேன். டெல்மர் அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்.

5

சான் டியேகோவுக்குப் பக்கத்தில் சூலா விஸ்டாவில், மெக்சிகோ மடிப்பு ரொட்டியான டாக்கோ விற்கிற ஒரு கடை. (நான் போகவில்லை. யொலாண்டா ஒரு விதமாகவும் டெல்மர் ஒரு விதமாகவும் சொன்னதை ஒட்டுப் போட்டிருக்கிறேன். சண்டை வந்த இடங்களில் யொலாண்டாவை நம்பினேன்.)

நெஸ்டர் மீன் டாக்கோவைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். டெல்மர் பிரமாதமாகச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். முடிந்ததும் நெஸ்டர் எலுமிச்சையைப் பிழிந்தான்.

"இது எழுதிக் குடுத்ததுதான, கமாண்டர்?"

"யாரு சொன்னா?"

"'வீரம்'னு சொல்லிட்டு எடது பக்கம் பாத்தீங்க. விளம்பரத்துக்கு முன்னாடிதான் அப்படிப் பாப்பீங்க."

யொலாண்டா சிரித்துவிட்டாள். டெல்மருக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகை நிமிர்த்தினார், பிறகு, யொலாண்டாவின் கணக்குப்படி, எட்டு வருடத்தில் முதல் தடவையாக முதுகைத் தளர்த்திச் சாதாரணமாக உட்கார்ந்தார்.

"தம்பி, கேளு. நான் ஷூ வித்தவன். எனக்குச் சட்டம் தெரியாது. அந்த பிரான்ட் ஏன் பேரம் பேசறதில்ல தெரியுமா? பேசினா கதை பன்னெண்டாம் பக்கத்துலயே முடிஞ்சுபோயிடும். அவ்வளவுதான். வேற ஒரு மண்ணும் இல்ல."

நெஸ்டர் டாக்கோவைக் கீழே வைத்தான். "டி-ஷர்ட் வச்சிருக்கேன் நான்" என்றான்.

"எங்கிட்டயும் இருக்கு."

பிறகு டெல்மர், பழக்கதோஷம், கேட்டார்: "பண்ணினியா, பண்ணலியா?"

"தெரியல."

"எங்கிட்ட சொல்லலாம்."

"சத்தியமா தெரியல. கை அந்த லீவர்கிட்ட போனது ஞாபகம் இருக்கு. இழுத்தது ஞாபகம் இருக்கு. ஆனா அது அன்னைக்கா, முந்தின நாளா? தெனமும் அதே எடம், அதே வண்டி. எல்லா நாளும் ஒண்ணா கலந்துபோச்சு, கமாண்டர்."

டெல்மர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். கதவில் நின்று கேட்டால் பதில் சொல்ல எழுத்தறை அங்கே இல்லை. எழுந்து போய் பையன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "டெல்மர்னு கூப்பிடு" என்றார்.

6

வெள்ளிக்கிழமை நெஸ்டர் பேரத்துக்குச் சம்மதித்தான். அப்பாடா என்று நானும் பேனாவை வைக்கலாம்தான். பன்னிரண்டாம் பக்கத்துக் கதை, சுபம்.

இங்கேதான் லெப்டினன்ட் புரூயிட் ஒரு குண்டைப் போட்டாள். ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாதாம். ராணுவ நீதிமன்றத்தில் நீதிபதி எழுப்பி நிற்கவைத்து, சத்தியம் வாங்கி, என்ன செய்தாய் என்று கேட்பார். அவன் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். உண்மையிலேயே குற்றவாளிதான் என்று நீதிபதிக்குத் திருப்தி வராவிட்டால் ஒப்புதலைத் தள்ளிவிடுவார். பேரம் போச்சு, முழு வழக்கு.

எட்டு வருடம் ராணுவ நீதிமன்றத் தொடர் எழுதிய எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. எப்படித் தெரியும்? எங்கள் ஆட்கள்தான் ஒப்புக்கொள்வதே இல்லையே.

டெல்மர் போன் செய்தார். "மேனி, அவனோட சொந்த வார்த்தைய கொஞ்சம் எழுதிக் குடேன்."

சொன்ன பிறகு அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று போனை வைத்துவிட்டார்.

அப்படியும் உட்கார்ந்து பார்த்தேன்.

அன்று நான் அவசரத்தில் ஹேண்ட்பிரேக்கை —

அன்று நான், எப்போதும் போல —

நான் —

நெஸ்டரே வேண்டாம் என்றுவிட்டான். "மறந்துட்டா அடுத்த வரிய யாரு எடுத்துக் குடுப்பா?" என்று கேட்டானாம்.

7

நிஜ நீதிமன்றம் எங்கள் செட்டில் பாதிகூட இல்லையாம். (இங்கேயும் நான் போகவில்லை. இதுவும் கேட்டு ஒட்டுப் போட்டதுதான்.) வெளிச்சம் மோசம். டெல்மர் கட்டம்போட்ட சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தனக்கு வசனமே இல்லாத நீதிமன்றம் ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் விரல்களை யொலாண்டா இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். அதட்டவில்லை.

"நீங்க குற்றத்தை ஒத்துக்கறதா எழுதியிருக்கீங்க. அது எனக்குப் போதாது. நடந்தத உங்க வார்த்தையில சொல்லுங்க."

நெஸ்டர் சொன்னான். சரிவு, வண்டி, காபி. ஹேண்ட்பிரேக் வந்ததும் நின்றான். "ஞாபகம் இல்ல, மேடம்."

லெப்டினன்ட் புரூயிட் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஞாபகம் இல்லாம இருக்கலாம், தப்பில்ல" என்றார் நீதிபதி. "இருக்கற ஆதாரத்தையெல்லாம் பாத்துட்டீங்க. நீங்க போடலன்னு நீங்களே மனசார நம்பறீங்களா? வக்கீல் சொன்னதுக்காக இல்ல. தண்டனை குறையும்னு இல்ல. பின்னாடி உக்காந்திருக்கற உங்க அம்மாவுக்காகவும் இல்ல."

நம்புகிறேன் என்றால் இரண்டு மாதம், வேலை மிஞ்சும். இல்லை என்றால் பேரம் போச்சு. நம்பாமலே நம்புகிறேன் என்றால் சத்தியம் செய்து சொன்ன பொய். நெஸ்டர் வாயைத் திறந்தான்.

முடிவு அ: கிரேன் ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, நான்தான் இறக்கினேன் என்கிறான். (எங்கள் நான்காவது சீசன். பார்வையாளர் எண்ணிக்கை எகிறியது.)

முடிவு ஆ: "ஆமாம், நம்புகிறேன்." யொலாண்டா நிம்மதியில் அழுகிறாள், டெல்மர் இடது பக்கம் —

முடிவு இ: "இல்லை, மேடம்." எல்லோரும் —

மூன்றும் என் கையெழுத்து. மூன்றும் வேண்டாம்.

அடுத்த வாரம் வேனில் டெல்மரைக் கேட்டேன். யார் குரலையும் பேசிக் காட்டுகிற மனிதர், "நல்லா சொன்னான்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். யொலாண்டாவிடம் போனேன்.

"என்ன சொன்னான், யோலி?"

"சொன்னா நீ எழுதிடுவ."

"எழுத மாட்டேன்."

"எழுதுவ, மேனி. நல்லாவும் எழுதுவ. அப்புறம் என் புள்ள சொன்னது எது, நீ எழுதினது எதுன்னு எனக்கே தெரியாமப் போயிடும். அந்த ஒண்ணாவது அவனோடதா இருக்கட்டும்." காபியை ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்பது போகப் போக எனக்கும் தெரிந்தது. அதைச் சொன்னால் பதிலை நீங்கள் பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடுவீர்கள், ஆகவே சொல்லப்போவதில்லை. அவன் வார்த்தைகள் எனக்கு இன்றுவரை தெரியாது.

வேண்டுமானால் நீங்கள் ஒன்று செய்யலாம். இன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அடுப்பு கேஸை மூடினீர்களா? தினமும் மூடுகிறீர்கள், தெரியும். நான் கேட்பது இன்று. இந்தப் பதிலின் பேரில் உங்கள் பிழைப்பு போகலாம். உங்களைப் பெற்றவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து நின்று, சத்தியமாக, சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.