பெருங்காயம் இல்லாத பொடி

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் விரித்திருந்த வரைபடத்தின் முன்னால் நிஷா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவின் கொலராடோ மலைக்காட்டின் படம் அது. பச்சை அடித்த இடமெல்லாம் அரசாங்க நிலம். அனுமதிச் சீட்டு இருந்தால் யாரும் வேட்டைக்குப் போகலாம். வருகிற செப்டம்பரில், வழிகாட்டி யாரும் இல்லாமல், வில்லோடு அங்கே எல்க் தேடிப் போகப் போகிறாள். எல்க் என்பது குதிரை உயரத்துக்கு வளரும் மான். நாற்பது கஜத்துக்குள் நெருங்கினால்தான் அம்பு விட முடியும். தண்ணீர் எங்கே, காற்று எந்தப் பக்கம் வீசும், கூடாரம் எங்கே என்று மூன்று மாதமாகக் குறித்து வைத்திருந்தாள். ஏழு நாளும் கூடவே மூட்டை சுமக்க ஒப்புக்கொண்டிருந்தான் கணவன் வெங்கடரமணன். கறிக்கடையைக் கடக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். அவனுக்குக் காதலைச் சொல்லத் தெரிந்த விதம் அது.

அவன் செய்த ஒரே தப்பு, அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்த அன்றே தன் அம்மா காமாக்ஷியிடம் மலையேறப் போகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்ததுதான். நிஷாவும் அதைத் திருத்தவில்லை.

அவளுக்குப் பயம். சைதாப்பேட்டைப் பெண்ணாக இந்த வீட்டுக்குள் அவள் வந்த முதல் வருடம், காமாக்ஷி அவளுக்கென்று தனித் தம்ளர் ஒதுக்கி வைத்திருந்தார். அந்தத் தம்ளர் எப்போது காணாமல் போனதென்று யாருக்கும் நினைவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் தன் காபியிலேயே பாதியை ஆற்றி அவளிடம் நீட்டுகிறார். அந்தப் பாதிக் காபி கைக்கு வந்து சேர நான்கு வருடம் ஆகியிருந்தது.

"இன்னாம்மா, இன்னும் சொல்லாமயா கீற? அவங்களா கண்டுக்கினா இன்னா பண்ணுவ?" என்று அவள் அப்பா பொன்னுரங்கம் தினமும் போனில் கேட்டார். நாளைக்கு என்று அவளும் தினமும் சொன்னாள்.

மலையில் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று காமாக்ஷி மும்முரமாக இருந்தார். வெந்நீர் ஊற்றினாலே சாப்பாடாகிவிடும் புளி அவல், பருப்புப் பொடி என்று பட்டியல் நீண்டது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் இடிபட்டு தி. நகருக்கும் மருமகளோடு வந்தார். அங்கே நிஷா ஒவ்வொரு சட்டையையும் காதருகே வைத்துத் தேய்த்துப் பார்த்ததையும், வாசனையே இல்லாத சோப்பைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கியதையும் கவனித்தார்.

மறுநாள் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டதும்தான் நிஷாவுக்கு உறைத்தது. எல்க்குக்குக் கண்ணைவிட மூக்குக் கூர்மை. காற்று திரும்பினால் அரை மைல் தள்ளியே மோப்பம் பிடித்து ஓடிவிடும். சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா, பெருங்காயம் மட்டும் வேணாம்."

காமாக்ஷி மிக்ஸியை நிறுத்தினார். "பெருங்காயம் இல்லாம பருப்புப் பொடியா? உனக்கு ஒத்துக்கலையா?"

"அதில்லம்மா. வாசனை வரும்..."

"மலை மேல யாருடி மோந்து பார்க்கப் போறா?"

காமாக்ஷி விரல் மடக்கினார். "சத்தம் போடாத துணி. வாசனை இல்லாத சோப்பு. இப்போ இது. எதுக்குத் தெரியாம, எது பக்கத்துல போகப் போறே நீ?"

கரடிக்குப் பயந்து என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொடி படிந்த கையோடு தன்னையே பார்த்து நின்ற முகத்திடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"மானும்மா. பெரிய மான். வில்லு எடுத்துட்டுப் போறேன். கிடைச்சா குளிர்காலம் பூரா அதைத்தான் சாப்பிடுவேன். மறைச்சது தப்பு."

காமாக்ஷி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பிறகு அறைக்குள் வெங்கட் வாங்கிக் கட்டிக்கொண்டது கூடம் வரை கேட்டது. அன்று சாயங்காலம் தன் காபி முழுவதையும் அவர் தனியாகவே குடித்தார். நிஷா வரைபடத்தைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் சமையல் மேடை மேல் இரண்டு டப்பாக்கள் இருந்தன. 'நிஷா' என்று எழுதியதைத் திறந்தாள். மூக்கை உள்ளே விட்டால்கூடப் பெருங்காய வாசனை துளியும் இல்லை. 'வெங்கட்' என்று எழுதியது திறக்கும் முன்பே வீட்டைத் தூக்கியது.

"கோயில்ல கபாலி கிட்ட என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை," என்றார் காமாக்ஷி, அடுப்பைப் பார்த்தபடி. "அதுக்காக நீ வெறும் வயத்தோட மலை ஏறறதை என்னால நினைச்சுப் பார்க்க முடியலை. அடிச்சியா இல்லையான்னு என்கிட்ட சொல்ல வேண்டாம். பத்திரமா இறங்கிட்டேன்னு மட்டும் சொல்லு. இனிமே எதையும் மறைக்காதே."

நிஷா தலையாட்டினாள். "அவருக்கு மட்டும் எதுக்கும்மா இவ்ளோ பெருங்காயம்?" என்றாள்.

"பின்னே? அந்த வாயில்லா ஜீவனுக்கும் நீ வர்றேன்னு யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே தன் காபியில் பாதியை இன்னொரு தம்ளரில் ஆற்றி நீட்டினார். நிஷா அதைக் குடித்தபடி, வெங்கட்டின் கூடாரத்தைக் காற்றுக்கு எந்தப் பக்கம் தள்ளிப் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.