கொடி ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம்

1

இந்தக் கதை ஒரு நக்கலில் பிறந்தது. நக்கல் என்னுடையது. கதையும் என்னுடையதுதான் என்று சொல்ல ஆசை. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒரு பேருந்து ஓட்டுநருக்குச் சொந்தம். வண்டி ஓட்டாத நேரத்தில் படம் வரைகிற பெண்மணி. "எழுதுங்க, ஆனா என்னை அழுமூஞ்சி ஆக்கிடாதீங்க" என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி கொடுத்தார். ஆகவே எங்காவது உங்களுக்குக் கண் கலங்கினால் அது என் கைப்பிழை.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"கடல் அமைதியாக இருந்தது. முற்றுகையிடப்பட்ட நகரத்தின் மதில்மேல்—"

வேண்டாம். நான் மொத்தமே ஆறு தடவைதான் கடலைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது:

"நியாயவானான நடுவர் ஒருவர் இருந்தார். அவர்—"

இதைப் படித்துவிட்டு என் மனைவி, "யாரு அது?" என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். அதையும் விட்டேன்.

2

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். பிழை பிடிப்பதே பிழைப்பு. வருடத்துக்கு ஒருமுறை, ஆட்டக்காரர் சங்கம் ஒன்று நடத்தும் போட்டிக்கு நடுவராகப் போவேன்.

என்ன ஆட்டம்? நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஆளுக்கொரு வேடம்: ஒருவர் தச்சர், ஒருவர் துறைமுக அதிகாரி, ஒருவர் திருடன். இன்னொருவர் கதையை நடத்துவார். அவருக்கு நடத்துநர் என்றே பெயர்.* "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்று திருடன் சொன்னால், குதித்தானா, காலை உடைத்துக்கொண்டானா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். பழைய காலம் ஒன்றுக்குள் புகுந்து ஆட வேண்டுமென்றால் அந்தக் காலத்துத் தெரு, உடை, சட்டம், வசவு எல்லாம் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கென்று துணைநூல்கள் வருகின்றன. அவற்றுக்கு மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. உள்ளடக்கத்துக்கு அறுபது, வரைபடங்களுக்கு இருபது, அட்டைப்படத்துக்கு இருபது.

* பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவருக்கும் இதே பெயர்தான். இந்தக் கதையில் அக்கா ஓட்டுநர், தம்பி நடத்துநர். நானாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு பொருத்தம் வைத்திருக்க மாட்டேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று பயந்திருப்பேன்.

3

நடுவர்கள் மூன்று பேர். வரலாற்று வாத்தியார், தையல்காரம்மா, நான். ஒரு கரண்டி அது கண்டுபிடிக்கப்பட்ட காலத்துக்கு நாற்பது வருடம் முன்னால் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டால் வாத்தியாருக்கு மூச்சு முட்டும். தையல்காரம்மா உடைகளைப் பார்ப்பார். "இந்தக் கவசத்தைப் போட்டுக்கிட்டு இவன் எப்படி உக்காருவான்? இடுப்புல ஒரு இணைப்புகூட இல்லையே!"

எழுதுபொருள் கடை ஒன்றின் மாடி அறையில், பதினேழு நூல்களோடு உட்கார்ந்தோம். அட்டையில் வாளோடு முறைக்கிற ஆள் என்பது இந்தத் தொழிலின் வியாதி. கொள்ளைநோய்க் காலத்து வைத்தியர்களைப் பற்றிய நூலா? வாளோடு ஒருவர் முறைக்கிறார். சந்தையில் எடைக்கல் சோதிக்கும் அதிகாரிகளைப் பற்றியதா? அதே ஆள், அதே முறைப்பு, தொப்பி மட்டும் வேறு.

பதினோராவது நூலின் அட்டையில் ஆளே இல்லை. துறைமுக வாயிலில் ஒரு போர்க்கப்பல். பாய்களெல்லாம் வலப்பக்கம் புடைத்திருக்கின்றன. உச்சியில் கொடி மட்டும் இடப்பக்கம் பறக்கிறது.

"இந்தக் கப்பலுக்கு மட்டும் கடவுள் ரெண்டு காத்து ஒதுக்கியிருக்கார் போல" என்றேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்படி சிரித்தார். தையல்காரம்மாவுக்குப் புரையேறியது. சிரிப்பைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அந்த வரியை அப்படியே அறிக்கையில் எழுதி, அட்டைக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். உள்ளே பதினைந்து பக்கம் படித்தேன்.

(பதினைந்து என்று எழுதிவிட்டேன். ஒன்பதுதான்.)

4

இரண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், அந்த ஓட்டுநர், சீருடையோடு அச்சகத்துக்கு வந்தார். கையில் அந்த நூல்.

"வண்டிய ஸ்டாண்டுல விட்டுட்டு வந்திருக்கேன் சார். இருபது நிமிஷம் இருக்கு. இந்த ரெண்டு காத்து ஜோக் எழுதுனது நீங்கதானே?"

பெருமையோடு தலையாட்டினேன். (ஆம், பெருமையோடு. ரசிகை என்று நினைத்துவிட்டேன்.)

"புக்க முழுசா படிச்சீங்களா?"

"படிக்காம மார்க் போட முடியுமாங்க?"

"எழுபத்தோராம் பக்கத்துல என்ன நடக்குது?"

நான் கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. பக்கத்தைப் பிரித்து, நான் திருத்திக்கொண்டிருந்த தாள்களின் மேல் வைத்தார். "இப்பப் படிங்க. நான் இருக்கேன்."

படித்தேன். கடல்வழியாக முற்றுகையிடப்பட்ட ஊர். அங்கே ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. தச்சர்கள் வீடுவீடாகப் போய்க் கதவுகளைக் கழற்றி வந்து, இரண்டு படகுகளின் மேல் அடித்து, ஒரு பொய்க் கப்பலை நிறுத்துகிறார்கள். பாய்க்குத் துணி போதவில்லை. பலகையைப் புடைப்பாக வளைத்துச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். எதிரி அதை நிஜமென்று நம்பிப் பதின்மூன்று நாள் கிட்டே வரவில்லை. கப்பலில் நிஜத் துணி ஒன்றே ஒன்றுதான், கொடி. காற்று திசை மாறும்போதெல்லாம் பாய் அசையாமல் நிற்கும், கொடி எதிர்ப்பக்கம் பறக்கும். எதிரி ஒரே ஒரு முறை நன்றாக அண்ணாந்து பார்த்திருந்தால் ஊர் முடிந்தது.

நான் நன்றாக அண்ணாந்து பார்த்தவன். பார்த்துவிட்டு, வரைந்தவருக்குப் படம் வரையத் தெரியவில்லை என்று முடிவு கட்டியவன்.

"மன்னிச்சிருங்க" என்றேன். "திருத்தம் போட்டுடறேன். மார்க்கை மாத்தச் சொல்லி—"

"மார்க் கிடக்கட்டும் சார். என் தம்பி என்கூடப் பேசறதில்ல."

5

தம்பி மருந்துக்கடை வைத்திருப்பவர். நூலை எழுதியவர் அவர். பரிசளிப்பு விழாவில் என் அறிக்கையை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அரங்கமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் "யாருங்க வரைஞ்சது?" என்று கேட்டதற்குத் தம்பி, "எங்கக்காதான். நான் அப்பவே சொன்னேன், கேக்கல" என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"கொடிய அந்தப் பக்கம் போடுன்னு சொன்னதே அவன்தான் சார். நாலு தடவை அழிச்சு வரைய வெச்சான்."

அடுத்த பதிப்புக்கு வேறு அட்டை வந்தது. (வாள். முறைப்பு.) ஒரே வீட்டில் இருந்துகொண்டு, குளியலறை காலியா என்பதைக்கூட அம்மா மூலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் வரைவில் இந்தத் தம்பியை வில்லனாக எழுதினேன். மெல்லிய மீசையும் கோணல் சிரிப்பும் வைத்தேன். ஓட்டுநர் படித்துவிட்டு, "அவனுக்கு மீசையே கிடையாது சார். ரொம்பக் கூச்சம். நாலு பேரு சிரிச்சா நத்தை மாதிரி உள்ள போயிடுவான். செஞ்சதுக்கு வெக்கப்பட்டுத்தான் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான்" என்றார். மீசையை எடுத்துவிட்டேன். எடுத்ததும் ஒரு சங்கடம்: படிக்காமல் சிரித்த நானும், தெரிந்தும் மறுத்த அவரும் ஒரே சாயலில் தெரிய ஆரம்பித்தோம்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"நடுவருங்க மூணு பேரும் வந்து ஒருநாள் அந்த ஆட்டத்தை ஆடுங்க. அவன் நடத்தட்டும். நானும் ஆடறேன்."

திருத்தத்தை அந்த வாரமே சங்கத்தின் இதழில் போட்டேன். நக்கல் வந்த எழுத்தைவிடச் சின்ன எழுத்தில்தான் போட்டார்கள். திருத்தங்களின் விதி அது. என் தொழிலில் தெரிந்துகொண்டது.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர்கள் வீட்டுக்குப் போனோம். தம்பி எங்களுக்கு நாற்காலி போட்டார், மின்விசிறியைத் திருப்பிவைத்தார், யார் கண்ணையும் பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் ஆளே மாறிவிட்டார். மதிலும் புகையும் பசியும் அவர் குரலில் வந்தன. தையல்காரம்மா தச்சர். வாத்தியார் துறைமுக அதிகாரி. சுண்ணாம்பு எந்தச் சூளையில் வந்தது என்று கேட்டு அரைமணி நேரத்தைத் தின்றார். நான் படகோட்டி. அக்கா, கொடிமரத்தில் ஏறி நிற்கும் காவலாள். ஊர்த்தலைவராகப் பேசியது தம்பி.

ஆட்டத்தில் ஒன்பதாம் நாள். காற்று திரும்புகிறது. எதிரியின் சிறுபடகு ஒன்று வேவு பார்க்க நெருங்குகிறது.

அக்கா சொன்னார்: "தலைவரே, கொடிய இறக்கிடட்டுமா? பாக்கறவங்க சிரிக்கிறாங்க."

தம்பி குறிப்பேட்டைப் பார்த்தபடி, தலைவர் குரலில், "யார் சிரிக்கிறது? எதிரியா?" என்றார்.

"இல்ல. நம்ம ஆளுங்கதான்."

தையல்காரம்மா வாயைத் திறந்தார். வாத்தியார் அவர் கையை அமுக்கினார். விசிறி ஒரு சுற்று இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போனது.

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தம்பி விம்முகிறார்; அது நிபந்தனையை மீறுகிறது. இன்னொன்றில் பழைய அட்டையோடு மூன்றாம் பதிப்பு வந்து பரிசை அள்ளுகிறது. அது பச்சைப் பொய், மூன்றாம் பதிப்பைப் பற்றி இதுவரை பேச்சே இல்லை. நடந்தது இதுதான்:

தம்பி குறிப்பேட்டை மூடினார். எங்கள் மூன்று பேரையும் பார்த்து, தலைவர் குரலில் இல்லாமல், மருந்துக்கடைக் குரலில் சொன்னார். "அந்தக் கொடிய அப்படி வரையச் சொன்னது நான்தாங்க. அக்கா சரியாத்தான் வரைஞ்சா. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

பிறகு அக்காவைப் பார்த்தார். "இறக்காதேக்கா. பறக்கட்டும்."

அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "சரிடா. பகடைய உருட்டு."

7

வேவுக்காரன் கண்ணில் கொடி படாமல் இருக்கப் பதினைந்தோ அதற்கு மேலோ விழ வேண்டும். குறைந்தால் ஊர் போச்சு. தம்பி உருட்டினார். பகடை மேசையைத் தாண்டி, கீழே விழுந்து, அலமாரிக்கு அடியில் ஓடியது.

அக்கா தரையில் முழங்காலிட்டுக் குனிந்தார். உதவிக்கு நானும் குனிந்தேன். அவர் உள்ளே கையை நீட்டி, ஒரு கணம் பார்த்து, பகடையை உள்ளங்கையில் மூடி எடுத்தார். நினைத்திருந்தால் நாலு என்று சொல்லித் தம்பியின் ஊரை அங்கேயே மூழ்கடித்திருக்கலாம். யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

"பதினாறு" என்றார்.

தம்பி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். தையல்காரம்மா கை தட்டினார். ஊர் பிழைத்தது. எதிரியின் படகு திரும்பிப் போனது.

நான் அக்காவின் தோளுக்குப் பின்னால்தான் குனிந்திருந்தேன். பகடையில் விழுந்த எண் எனக்குத் தெரிந்ததா என்று வாத்தியார் திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்வதாக இல்லை. ஓட்டுநரிடமும் கேட்டுப் பார்த்தேன். "வண்டிக்கு நேரமாச்சு சார்" என்று போய்விட்டார். இந்த மதிப்பெண்ணை இனி நீங்கள்தான் போட வேண்டும். அந்த அக்காவைத் தெரிந்துகொண்டவர்கள் என்ற முறையில் சொல்லுங்கள்: அலமாரிக்கு அடியில் பகடை என்ன காட்டியது?