இடது பக்கப் பின்கதவு

என் வீட்டுக்காரர் ரகுபதிக்குக் கண்ணைவிட உள்ளங்கை மேல்தான் நம்பிக்கை அதிகம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிராக்டர் பானெட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. லைனில் வரும் தகட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவாராம். எங்கேயாவது துளி பள்ளம் இருந்தாலும் கை அங்கேயே நின்றுவிடுமாம். "என் கைய தாண்டி ஒரு நெளிவு போவாது" என்று அவர் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. எங்கள் வீட்டுக் குடம், பக்கத்து வீட்டு சைக்கிள் மட்கார்டு எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தடவிப் பார்த்து என் மானத்தை வாங்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் மண்ணூர் வீட்டுக் கூடம் எனக்குச் சொந்தமில்லை. பொம்மைக் கார் செய்வதற்கு மூன்று ஆண்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். பொம்மை என்று சொன்னால் மூவருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஒருவர், ரேடியோ ரிப்பேர் கடை முனிரத்தினம் ஒருவர், கடைசியாக வந்து சேர்ந்த சின்னப்பராஜ் அண்ணன் ஒருவர். பால்பவுடர் டின்னை வெட்டி உடம்பு செய்வார்கள். பழைய செருப்பில் டயர், கழுவிய எக்ஸ்ரே பிலிமில் கண்ணாடி, மாத்திரை அட்டையின் குமிழில் ஹெட்லைட், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளில் பம்பர். நான் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். சீட்டுக்கு வேண்டிய ஜாக்கெட் துண்டு என்னிடமிருந்துதான் போகும்.

அவர்கள் பேச்சைக் கேட்டால் ராக்கெட் விடப் போகிறார்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

"டயருக்குப் புதுச் செருப்ப வெட்டாத. நடந்து தேஞ்ச செருப்புதான் கெட்டியா கீது" என்பார் முனிரத்தினம்.

"மழ நாள்ல பெயின்ட் அடிக்காத, வெள்ளையா பூத்துடும்" என்பார் இவர். "பள்ளம் இருந்துச்சுன்னா அப்படியே புட்டிய அப்பி வைக்காத. கனமா போட்டா காஞ்சதும் வெடிச்சுடும். மொதல்ல உள்பக்கமா தட்டி நிமித்து. அப்புறம் மேலால மெல்லிசா ஒரு இழுப்பு. முடிஞ்சுது வேல."

புட்டி என்பது பள்ளத்தை அடைக்கிற பசை. இந்தப் புட்டி உபதேசத்தை நான் சோறு வடித்துக்கொண்டே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

சின்னப்பராஜ் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டில் சொந்தமாக அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. அவருக்கு ஒரே மகள், ஷாலின். இரண்டாம் வகுப்பு படித்தாள். தொண்ணூறாம் வருடம் டிசம்பரில் மூளைக் காய்ச்சல் வந்து போய்விட்டாள். கிறிஸ்துமஸ் கவுனுக்கு என்னிடம் அளவு கொடுத்துவிட்டுப் போன குழந்தை. டேப்பைக் கழுத்தில் வைத்தால் கூச்சம் தாங்காமல் நெளிவாள். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காரும் போய்விட்டது. அதற்குப் பிறகு அண்ணன் யாரோ ஒருவருடைய வேனை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு காரு பண்ண கத்துக் குடுப்பா ரகுபதி. ஒண்ணே ஒண்ணு போதும். நம்ம வண்டிதான். கல்லறைத் திருநாளுக்கு அவ கல்லறைல வைக்கணும். ஸ்டாண்டுல நின்னப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே வரணும்."

கல்லறைத் திருநாள் என்பது நவம்பர் இரண்டாம் தேதி. கிறிஸ்தவர்கள் குடும்பத்தோடு போய்க் கல்லறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததைக் கொண்டுபோய் வைப்பவர்களும் உண்டு. ஷாலினுக்கு அது முதல் கல்லறைத் திருநாள். "அவ எங்க போனாலும் நம்ம காருலதான் போவா, தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார் அண்ணன். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெறும் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்குக் கத்தரி வணங்கவில்லை. டின்னை வெட்டியதும் முனிரத்தினம், ஈயம் பற்றவைத்ததும் முனிரத்தினம். ஆனால் இடது பக்கப் பின்கதவை மட்டும் அண்ணன் யாரிடமும் தரமாட்டார். மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூன் காம்பால் அழுத்துவார், தேய்ப்பார், கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவுவார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி அழுத்துவார். வாராவாரம் இதே கதைதான்.

"இன்னாண்ணே, டோருக்குக் காது குத்துறியா?" என்று கேட்டார் முனிரத்தினம். "இப்டியே தேச்சுகினு இரு, தகரம் பேப்பராப் பூடும்."

அண்ணன் சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்துகொள்வார். புதுக்கை, பள்ளம் விழுந்துவிட்டது, எடுக்கத் தெரியாமல் மல்லுக்கட்டுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு ஞாயிறு அவர் கட்டைவிரல் அந்தக் கதவில் ஓடி ஓரிடத்தில் நின்றது. "வந்துச்சு" என்று மெல்லச் சொன்னார். என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் முகம் அன்றைக்கு அத்தனை தெளிவாக இருந்தது.

அக்டோபர் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வானம் வெளுக்கிற வழியாகத் தெரியவில்லை. வீட்டில் பெயின்ட் அடித்தால் பூத்துவிடும், திருநாளுக்குள் காயவும் காயாது. கம்பெனியில் சூட்டடுப்பு இருக்கிறது, அங்கே அடித்துக் காயவைத்துத் தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

"ஓவன்ல வெச்சா ஈயம் உருகிடாதா?" என்று முனிரத்தினம் சந்தேகத்தைக் கிளப்பினார்.

"அவ்ளோ சூடு கெடையாதுய்யா. அத எங்கிட்ட வுடு."

அண்ணன் காரைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை. "கலரு மட்டும் அடிச்சா போதும்பா. வேற ஒண்ணும் பண்ண வேணாம். எப்டி கீதோ அப்டியே இருக்கட்டும்."

"கூச்சப்படாதண்ணே. நான் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

பந்தியில் போதும் போதும் என்பவர்கள் இலையில் இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றுகிற வழக்கம் நம்முடையது. வேண்டாம் என்கிற வார்த்தையை நாம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கத்தில் யார் பொட்டலம் கொண்டுபோனாலும் போலீஸ் பிரித்துப் பார்க்கும். கூட்டுரோட்டில் இவரையும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். துண்டைப் பிரித்த கான்ஸ்டபிள் தகரத்தில் கீறியிருந்த கார் நம்பரைப் பார்த்துவிட்டு, "இது ஸ்டாண்டுல நிக்குமே, டிரைவர் பொண்ணு செத்துப்போச்சே, அந்த வண்டிதான?" என்று கேட்டாராம். பிறகு அவரே அடுத்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டாராம்.

இவர் மூன்று நாள் ஷிப்ட் முடிந்து நின்று வேலை செய்தார். ஒரு சாயங்காலம் வாயெல்லாம் பல்லாக வந்தார். "அந்த இடது டோருல ஒரு பள்ளம் கனகம். பாவம், எத்தினி வாரமா போராடிகினு இருந்தாரு மனுசன். பதமா ரெண்டே தட்டு. கண்ணாடி மாதிரி வந்துடுச்சு பாரு." கார் நிஜமாகவே அழகாக இருந்தது. தீபாவளி ஜாக்கெட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே மெரூன் வெல்வெட்டில் சீட்டு தைத்தேன்.

திருநாளுக்கு முந்தின நாள் இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஜெபமணி அக்கா சாமந்திப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கல்லறைக்கு அடிக்கச் சுண்ணாம்பு கரைத்து வாளியைத் தயாராக வைத்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து துண்டைப் பிரித்தார்.

"ஐயோ, நம்ம வண்டி!" என்று ஜெபமணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. நம்பரைப் பார்த்தார், கூரை மஞ்சளைப் பார்த்தார், சீட்டைத் தொட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் காரைத் திருப்பிக் கட்டைவிரலை இடது பின்கதவில் வைத்தார். விரல் ஓடியது. திரும்பி வந்தது. மறுபடி ஓடியது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் கண் மாறிவிட்டது.

"புட்டி போட்டியாப்பா?"

"ஆமாண்ணே."

"புட்டி மட்டுந்தானா? இல்ல, தட்டினியா?"

வெறும் புட்டி என்றால் சுரண்டி எடுத்துவிடலாம், அடியில் பள்ளம் அப்படியே இருக்கும். இது எங்கள் கூடத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கேள்வியே பெருமையாக இருந்தது.

"தட்டாம போடுவனா? உள்பக்கமா தட்டி நிமித்திட்டு, மேல மெல்லிசா ஒரே இழுப்பு. பத்து வருசம் ஆனாலும் வெடிக்காது. எங்க இருந்துச்சுனே தெரியாது, நீயே தடவிப் பாரு."

"ஆமா" என்றார் அண்ணன். "தெரியல."

காரை மெதுவாகப் பாயில் வைத்தார். "ரொம்ப நல்லா கீதுபா. தங்கச்சி, காப்பி சாப்புடாம போவாத" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினார். தூறல் விடவில்லை. "மழைல சுண்ணாம்பு நிக்காதண்ணே" என்று இவர் பின்னாலிருந்து கத்தினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெபமணி அக்கா பூவை விட்டுவிட்டுக் காரின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"வாடக சைக்கிள் ஓட்டக் கத்துகினு இருந்தா. நேரா வந்து அந்த டோருல வுட்டுட்டா. நல்லாத் திட்டினாரு. அன்னிலேர்ந்து இவரு வண்டி தொடைக்கப் போனா போதும், பாப்பா ஓடிப்போய் அந்த டோருல முதுக வெச்சு நின்னுக்குவா, பள்ளம் தெரியக் கூடாதுன்னு. இவருக்குச் சிரிப்பா வரும். 'இத எடுக்கவே மாட்டேன். உன் கல்யாணத்துக்கு இந்த வண்டிலதான் போவணும். யாரு இடிச்சதுன்னு ஊரே பாக்கட்டும்'னு வம்பு பண்ணுவாரு. ஆஸ்பத்திரில அவ்ளோ ஜுரத்துலயும், 'டோர் சரி பண்ணிட்டியாப்பா'ன்னு கேட்டா. 'உன் கல்யாணம் முடியட்டும்'னாரு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிய வாங்கினவன் மொத வேலையா அந்த டோரத்தான் தட்டி எடுத்தான். இவரு ரோட்டுல பாத்துட்டு வந்து ரெண்டு நாளு சோறு துன்னல. அப்புறந்தான் உங்க வூட்டுக்கு வந்தாரு."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா" என்று முனகினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இடம் பொருள் பார்க்கவில்லை. "சொன்னாரே! எப்டி கீதோ அப்டியே இருக்கட்டும்னு காருலேர்ந்து கையக்கூட எடுக்காம சொன்னாரே!"

இவர் எழுந்து அடுக்களைக்குள் போய் ஒரு ஸ்பூனை எடுத்து வந்தார். "நான் திரும்ப அழுத்திடறேன்க்கா."

"எங்க அழுத்துவ? எவ்ளோ ஆழம்? எனக்கே தெரியாது ரகுபதி. அது அவரு கைக்குத்தான் தெரியும்."

மறுநாள் சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறும் சாமந்தியும் ஊதுவத்திப் புகையுமாக இருந்தது. குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாகப் போனார். ஷாலின் கல்லறையில் சுண்ணாம்பு திட்டுத்திட்டாக வழிந்திருந்தது. சிலுவைக்குப் பக்கத்தில் கார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "ஷோரூம்லேர்ந்து எறங்கின மாதிரி கீதே" என்று ஒரு அம்மாள் சொன்னாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லோரும் நகர்ந்த பிறகு சட்டைப்பையிலிருந்து அந்த ஸ்பூனை எடுத்து நீட்டினார். "அண்ணே, நீயே அழுத்துண்ணே. பெயின்ட் போனா போவட்டும்."

அண்ணன் வாங்கிக்கொண்டார். சேற்றிலேயே மண்டிபோட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்தக் கதவைத் தடவினார். மேலே போனார், கீழே வந்தார், கைப்பிடிக்கு அடியில் நின்றார், மறுபடி விலகினார். மெழுகுவர்த்தி ஒன்று அணைந்து, ஜெபமணி அக்கா அதைத் திரும்ப ஏற்றினாள். அப்போதும் அவர் தேடிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ஸ்பூனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வரலபா. நேத்துலேர்ந்து பாக்கறேன். வழவழன்னு கீறதுதான் கைல நிக்குது. மறந்துபோச்சு."

அண்ணன் இவர் தோளில் கையை ஊன்றி எழுந்தார். எழுந்தவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். இடது பக்கக் கதவு சிலுவையைப் பார்க்கும்படி காரைத் திருப்பி வைத்தார். அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"பாப்பா, டோரு சரி பண்ணியாச்சு. ரகுபதி மாமா பண்ணிக் குடுத்தாரு. இனிமே அங்க முதுக வெச்சு நிக்க வேணாம், வந்துடு."

என் வீட்டுக்காரர் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். மறுபடி தூறல் ஆரம்பித்தது. மெழுகுவர்த்திகள் அணையாமல் இருக்க நானும் ஜெபமணி அக்காவும் ஆளுக்கொரு குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.