தொட்டிலடிக் குருவி

கூதிர்ப் பருவம் மெஸ்கெத்தி மலைகளின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. குரா ஆறு, நெடுநோன்பிருப்பவரின் குரல்போலத் தாழ்ந்து ஓடியது. வால்நட் மரங்கள் கடைசி இலையையும் துறந்துவிட்டு, கைகள் மட்டுமே மிஞ்சிய துறவியராய் நின்றன. கிழங்கு அகழ்ந்த வயல்கள் கருத்துக் கிடந்தன. காலையில் அவற்றின்மேல் படியும் வெண்பனி நண்பகல்வரை விலகுவதில்லை. கதிரவனோ, மேகத்தின் பின்னே விளக்கேந்தி நடப்பவனைப்போல் முகம் காட்டாமலே கடந்து போனான். ஒலியெல்லாம் ஒடுங்கி, புகைபோக்கிகள் மட்டும் மூச்சுவிடும் காலம் அது.

அவ்வாண்டு ஊரை ஒடுக்கியது குளிர் மட்டுமன்று. நாடு ஐரோப்பியப் பேரவையில் சேர்ந்தபோது ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் முன்பு, போர்க்காலத்தில் இந்த மலையூர்களிலிருந்து லாரிகளில் ஏற்றி நடு ஆசியாவுக்குத் துரத்தப்பட்ட முஸ்லிம் குடிகள் திரும்பி வரலாம் என்பது அது. பல ஆண்டு இழுபறிக்குப்பின் இப்போது சட்டம் வந்துவிட்டது. வீடுகளைத் திருப்பித் தரவேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் ஊர் முழுவதும் அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில்தான் வாழ்ந்தது, ஆகவே அஞ்சியது.

"ஐரோப்பாவோட சேந்தா பாலும் தேனும் ஓடி வரும்னானுங்க," என்பார் அண்டைவீட்டுக்காரர். "ஓடி வரப்போறவன் பழைய வீட்டுக்காரன். நல்ல கூத்துதான்."

சியாலா அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. கணவனை இழந்தவள் அவள்; மகன் மாமுகா, மருமகள் ஈர்மா, பேரன் லஷா என்று சிறிய குடும்பம். அவள் பிறந்ததும் பெற்றதும் அந்த ஒரே கூரையின் கீழ். அதை விட்டால் போக இடம் கிடையாது.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், மாதாகோயில் வழிபாடு முடிந்து அவள் திரும்பியபோது வாசற்கதவுக்கு வெளியே முதியவர் ஒருவர் நின்றிருந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"யாரைப் பாக்கணும் ஐயா?" என்று, வெளியூர் முகமாகத் தெரிந்ததால் ரஷ்ய மொழியில் கேட்டாள்.

"யாரையும் இல்லம்மா. கொஞ்ச நேரம் இங்க நின்னுட்டுப் போகலாமான்னு கேக்க வந்தேன். என் பேரு பினாலி. சின்ன வயசுல நடு ஆசியா, இப்போ அஜர்பைஜான்லேருந்து வர்றேன்."

துரத்தப்பட்ட குடிகளில் ஒருவர் என்பது அவளுக்குப் புரிந்தது. பேச்சுக்குரல் கேட்டு வெளியே வந்த மாமுகாவுக்கும் விளங்கிவிட்டது. முகம் இறுகியது. ஆயினும் வந்தவரை வாசலில் நிற்கவைப்பது அவர்களிடம் இல்லாத வழக்கம். உள்ளே அழைத்து, முற்றத்து மேசையில் ரொட்டியும் சீஸும் திராட்சை மதுவும் வைத்தான். தங்கள் பூர்வீக மலைநாடான ராச்சாவின் பெருமையான புகையூட்டிய பன்றித்தொடையையும் மெலிதாக அரிந்து வைத்தான். வைத்தபிறகுதான் விருந்தாளி முஸ்லிம் என்பது அவனுக்கு உறைத்தது.

"எனக்கு ரொட்டி போதும் தம்பி," என்றார் பினாலி, தட்டை மெல்ல நகர்த்தியபடி. "அத நீங்க சாப்பிடுங்க. வாசனை நல்லாத்தான் இருக்கு, அதான் பயம்."

மாமுகா சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எதுக்கு வந்தீங்கன்னு நேரடியாச் சொல்லிடுங்க பெரியவரே."

"திரும்பி வர மனு போட்டிருக்கேன். இங்கதான் இருந்தோம்னு யாராவது சாட்சி சொல்லணுமாம். எங்ககிட்ட ஒரு காகிதமும் இல்ல. பழைய ஆளுங்க யாராவது உயிரோட இருப்பாங்களான்னு ஊரெல்லாம் கேட்டேன். கதவையே தொறக்க மாட்டேங்கிறாங்க."

"எங்கம்மா அப்போ பொறக்கவே இல்ல. அவங்க என்னத்தச் சாட்சி சொல்றது? இன்னைக்கு சாட்சின்னு வருவீங்க, நாளைக்கு வீடும்பீங்க."

"எழுபது வயசுல வீட்டத் தூக்கிட்டு எங்க ஓடப்போறேன் தம்பி?"

அப்போது உள்ளே லஷா சிணுங்கினான். ஈர்மா மரத்தொட்டிலை ஆட்டத் தொடங்கினாள். ஒரு கால் சற்றுத் தேய்ந்த தொட்டில்; ஆடும்போதெல்லாம் ஒருபுறம் கனத்தும் மறுபுறம் மெலிந்தும் பலகைத் தரையில் தட்டும். பினாலியின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"அந்தத் தொட்டில்," என்றார்.

"எங்க தாத்தாவோடது," என்றான் மாமுகா. "ராச்சாவுலேருந்து மலையேறி முதுகுல சுமந்துட்டு வந்தாரு."

"அதோட அடியில குருவி ஒண்ணு இருக்குமே. ஒத்தச் சிறகு."

சியாலாவின் கையிலிருந்த குடுவை சாய்ந்து, மது மேசையில் பரவியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

அந்தக் குருவியை அவள் அறிவாள். அவளுடைய தந்தை ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் தம் கையால் தீட்டியது என்று கேட்டு வளர்ந்தவள். வீட்டில் குழந்தை பிறக்கும்போதெல்லாம் அவர் கோப்பையை உயர்த்தி, "இன்னொரு சிறகு ராச்சாவில் தங்கிவிட்டது, கீழே ஓடும் கோடு நாம் நடந்து வந்த வழி," என்று வாழ்த்துச் சொல்வார். விருந்தினர் கண் கலங்குவார்கள்.

"ஊர்ல எவனோ இவருக்குச் சொல்லியிருக்கான்," என்றான் மாமுகா. குரலில் உறுதி இல்லை.

"அது நான் பண்ண சேட்டை தம்பி. அப்போ எனக்கு ஆறு வயசு. தங்கச்சிக்குப் பொம்மை வரையறேன்னு ஆணியச் சுட வச்சேன். ரெண்டாவது சிறகு போடறதுக்குள்ள அம்மா பாத்துட்டா. கையத் தட்டிவிட்டா, ஆணி வழுக்கிக் கோடா இழுத்து, கட்டைவிரல்ல வந்து நின்னுச்சு."

அவர் விரலை நீட்டினார். அதன் அடியில் வெளுத்த தழும்பு ஒன்று இருந்தது.

மாமுகா எழுந்து உள்ளே போனான்; மற்ற இருவரும் பின்தொடர்ந்தார்கள். ஈர்மா குழந்தையைத் தூக்கிக்கொள்ள, தொட்டிலைக் கவிழ்த்தான். ஒற்றைச் சிறகுக் குருவி. அதன்கீழே, எங்கும் போகாமல் பலகை விளிம்பில் அறுந்துபோகும் கோடு. பினாலி குனிந்து, அக்கோடு முடியும் இடத்தில் தம் தழும்பை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

சியாலாவுக்குத் தாயின் நினைவு வந்தது. தந்தை அந்த வாழ்த்தைச் சொல்லத் தொடங்கினாலே தாய் எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுவாள். பசு கத்துகிறது என்பாள். பசு ஒருநாளும் கத்தியதில்லை. ராச்சாவில் படைவீரர்கள் தன் பெற்றோருடைய கூரையையும் பிரித்துப்போட்டு, திரும்ப வழியில்லாமல் இங்கே ஓட்டிவந்தார்கள் என்பது சியாலாவுக்குத் தெரியும். தந்தையின் முதுகில் ஒன்றுமே இருக்கவில்லை என்பதுதான் இதுவரை தெரியாது. அவர் பொய்யராகவும், அப்பொய்க்குள் ஒளிந்துகொண்ட ஏழையாகவும் ஒருசேரத் தோன்றினார். அவளுக்கு அழுகை வரவில்லை. அதுவே அவளை அச்சுறுத்தியது.

"உங்க தங்கச்சி?" என்று கேட்டாள்.

"லாரியில இடமில்ல, தொட்டில விடுன்னான் சிப்பாய். அம்மா புள்ளைய அப்படியே தூக்கிக்கிட்டா. ரயில்ல, போற வழியிலயே..." தழும்பு விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "எந்த ஸ்டேஷன்லன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

தொட்டிலை நிமிர்த்திவைத்த மாமுகாவின் கை அதன் விளிம்பிலேயே தங்கிவிட்டது.

சியாலா நிமிர்ந்தாள். "நாளைக்கு ஆபீசுக்கு நானே வர்றேன் அண்ணா. இந்த வீட்டுலதான் இருந்தீங்கன்னு சொல்றேன். தொட்டிலையும் வண்டியில ஏத்துவோம், அவங்களே பாத்துக்கட்டும்."

"அம்மா, யோசிச்சுப் பேசு. நாளைக்கு வீடே போச்சுன்னா?"

"சட்டத்துல அப்படி ஒரு சொல்லும் இல்ல."

"சட்டத்த நம்பறியா நீ?"

"இல்லடா." தொட்டிலைக் காட்டினாள். "ஆனா இத்தன நாளா எந்தப் புள்ளையோட எடத்துல நாம தூங்கினோம்னு தெரிஞ்சு போச்சே. இனிமே தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

மாமுகா முற்றத்துக்குப் போனான். பன்றித்தொடைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வேறு ரொட்டி கொண்டுவந்தான்.

"தங்கச்சி பேரு என்ன அண்ணா?"

"கும்ரி."

காலை வழிபாட்டிலிருந்து கொண்டுவந்த மெல்லிய மெழுகுதிரி ஒன்று சியாலாவின் பையில் எஞ்சியிருந்தது. அது மறைந்த தந்தைக்காக அவள் வாங்கியது. அதை ஏற்றி, மூலையிலிருந்த இறையன்னையின் படத்தின் முன்னே கோதுமைக் கிண்ணத்தில் நட்டாள். கும்ரி என்று ஒருமுறை சொன்னாள். பிறகு, சுடர் சற்றே தாழ்ந்தபின், தந்தையின் பெயரையும் சொன்னாள். அடுப்பருகே பினாலி இரு உள்ளங்கைகளையும் விரித்து ஏந்தி, உதடு மட்டும் அசைய நின்றார்.

ஈர்மா குழந்தையை மீண்டும் தொட்டிலில் கிடத்தினாள். பினாலி மாமுகாவைப் பார்த்தார், அவன் தலையசைத்தான். முதியவர் தழும்பேறிய விரலைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார்.

"நீண்ட ஆயுசா இரு கண்ணு. உன்ன இதுலேருந்து உங்கம்மாவத் தவிர வேற எவனும் தூக்காம இருக்கட்டும்."