கரண்ட் போன ஞாயிறு

கயத்தாற்றைச் சுற்றிய கரிசல் காட்டில் பதினெட்டுக் காற்றாலைகளை ஆண்ட்ரூஸ் ஒருத்தனே கட்டி மேய்த்தான். கூட இருந்த ஆள் தை மாதம் வேலையை விட்டுப் போனான். வேறு ஆள் வருவான் வருவான் என்று சொல்லியே ஆனியும் முடிந்தது. ஒரு காத்தாடி நின்றால் செல்போன் அலறும். பத்து நிமிஷத்தில் காரணம் சொல்ல வேண்டும். அரைச் சோறும் அரைத் தூக்கமுமாக ஓடிய மனுஷனுக்கு, சுற்றுகிற எது நின்றாலும் நெஞ்சு படபடத்தது. வீட்டில் கிரைண்டர் நின்றால்கூடத் துள்ளி எழுந்தான்.

அது வீட்டோடு போயிருக்கலாம். மகளின் ஞானஸ்நானத்தன்று பாதர் மெழுகுதிரியைத் தகப்பன் கையில் கொடுக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய், கோயில் மின்விசிறிகள் நின்றன. எரிகிற திரியோடு ஆண்ட்ரூஸ் வாசலுக்கு ஓடிவிட்டான். பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது. ஊரே சிரித்தது. அவன் மனைவி எஸ்தர்ராணி சிரிக்கவில்லை.

"நாளைக்கே ஆபீஸ்ல இன்னொரு ஆளு கேளுங்க. இல்லேன்னா நான் வந்து கேக்குதேன்" என்றாள்.

கேட்டால், லாயக்கில்லாதவன் என்று வேலையை விட்டே தூக்கிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். அந்தப் பயத்தோடே கோவில்பட்டி அலுவலகத்தில் மேலாளர் ஜெயபாண்டி முன்னால் நின்றான்.

"துணைக்கு ஒரு ஆளு வேணும் அண்ணாச்சி. ஒத்தையில பாத்தா நான் படுத்துருவேன்."

"எல்லாம் மனசுதான்வே. நான் முப்பது பேரு டென்ஷனச் சுமக்குதேன். எனக்கு என்ன செய்யுது?"

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. தலைக்கு மேல் விசிறி நின்றது. ஜெயபாண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசை முழுக்கச் செல்போனைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

ஆண்ட்ரூஸ் சிரிப்பை அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. ஜெயபாண்டி மெதுவாக உட்கார்ந்தார்.

"உமக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"சித்திரையிலேருந்து. உங்களுக்கு?"

"மூணு வருசமா இருக்குவே."

பதினைந்தே நாளில் ஸ்டெபின் என்ற ஆள் வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் பொறுப்பு. மேலாளரும் பிரஷர் பார்க்கப் போனதாகக் கேள்வி.

அந்த முதல் ஞாயிறு மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டு மகள் பக்கத்தில் ஆண்ட்ரூஸ் படுத்திருந்தபோது கரண்ட் போனது. படக்கென்று எழுந்து உட்கார்ந்தான். எஸ்தர்ராணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, ஓடலியா?"

"இன்னைக்கு ஸ்டெபின் ஓடுவான்."

பிள்ளைக்கு வேர்க்குமே என்று ஞானஸ்நான அழைப்பிதழை எடுத்து விசிறினான். நாலு விசிறு விசிறியிருப்பான், அப்படியே தூங்கிப்போனான். கரண்ட் வந்தது அவனுக்குத் தெரியாது.