கொடிக்கம்பத்தின் அடியில் நீச்சல்குளம்

எங்கள் பள்ளி மைதானத்தில், கொடிக்கம்பத்தைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு சிமெண்டுத் தரை இருக்கிறது. அதன் நான்கு ஓரங்களிலும் நீல டைல்ஸ் தெரியும். ஒரு காலத்தில் அது வெள்ளையர்கள் மட்டும் குளித்த ஊர்ப் பொது நீச்சல்குளம். கறுத்த தோல் உள்ளவர்களும் இறங்கலாம் என்று நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் மண்ணைக் கொட்டி, மேலே சிமெண்டு பூசி மூடிவிட்டார்கள். நமக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது என்ற பெரிய மனசு.

இதை வரலாற்று வகுப்பில் சொல்லப்போகிறேன் என்றதும் தலைமையாசிரியர் முகம் சுளித்தார்.

"பழசைக் கிளறாதீங்க டீச்சர். பசங்களுக்கு நாட்டுப்பற்று போயிடும்."

"நெஜத்தைச் சொன்னா போயிடுற பற்று இருந்தா என்ன, போனா என்ன சார்?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போனேன்.

கதையைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். டைல்ஸைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்குவதுபோல மெல்லக் கால் வைத்தார்கள். ஒருத்தி மல்லாந்து படுத்து மிதந்தாள். கொடியின் நிழல் அவள்மேல் அலையாக அசைந்தது. வெயிலே நீலமாகிவிட்டது. என் கணுக்கால்வரை குளிர் ஏறியது.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்தவர், ஷூ நனைந்துவிடும் என்பதுபோல ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

"இவ்வளவும் கேட்டப்புறம் உனக்கு இந்த நாட்டைப் பிடிக்குதாம்மா?"

மிதந்துகொண்டிருந்தவள் கண்ணைத் திறக்கவில்லை.

"பிடிக்குது சார். அதான் கேக்குறேன், எப்ப தோண்டலாம்?"