எடையை மட்டும் கேட்ட கோச்

காலை ஐந்தரை மணிக்கு விடுதி வராந்தாவில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக எடை மெஷினில் ஏற வேண்டும். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று யார் சொன்னார்களோ, பன்னிரண்டு பேரும் நம்பினார்கள். கோச் ஒவ்வொரு எடையையும் சுவர்ப் பலகையில் எழுதுவார். குறைந்தவளுக்குக் கைதட்டல். கூடியவளுக்கு மைதானத்தில் ஐந்து சுற்று அதிகம்.

கைதட்டலை அள்ளிக்கொண்டு போனவள் எண்ணூறு மீட்டர் ஓடுகிற பெண். 'ஈர்க்குச்சி' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே கோச்தான். மனிதர் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக மைதானமே கதி என்று கிடப்பவர். யார் காலிலாவது முள் குத்தினால் தானே குனிந்து எடுத்துவிடுவார். உடம்பு இளைத்தால் ஓட்டம் கூடும் என்று அவருடைய கோச் சொன்னதை, ஏன் எதற்கு என்று கேட்காமல் பிடித்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

முதலில் அது பலிக்கவும் செய்தது. இரண்டு கிலோ குறைந்ததும் அவளுடைய ஓட்டம் இரண்டு நிமிடம் எட்டு நொடிக்கு வந்தது. இன்னும் இரண்டே நொடி குறைந்தால் தேசிய அணியில் இடம். அணித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். எடை இறங்கியது, ஆனால் நேரம் இரண்டு நிமிடம் பத்து நொடிக்கு ஏறி, பன்னிரண்டுக்குப் போனது. கோச் பயிற்சியைக் கூட்டினார். நானூறு மீட்டர் ஓடி, ஒரு நிமிடம் நின்று, மறுபடி நானூறு. எட்டு தடவை ஓடியவள் இப்போது பன்னிரண்டு தடவை ஓடினாள்.

விடுதியில் சமைக்கிற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"கோச்சு, அந்தப் பொண்ணு தட்டு போட்டது போட்டபடி திரும்பி வருது. முட்டையில மஞ்சக்கருவை ஒதுக்கினா, சரின்னு விட்டேன். இப்ப வெள்ளையையும் ஒதுக்கறா. அப்புறம் முட்டை ஓட்டையா திம்பா?"

"நீங்க அடுப்பைப் பாருங்கக்கா. பயிற்சியை நான் பாத்துக்கறேன்."

அந்த வாரமே, ஒன்பதாவது நானூறில், அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய விரிசல்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா காலைப் பற்றிப் பேசவே இல்லை. "பீரியட்ஸ் கடைசியா எப்பம்மா வந்துச்சு?"

"ஏழு மாசமாச்சு டாக்டர்." அவள் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "நின்னுடுச்சுன்னா ஃபிட்டா இருக்கோம்னு அர்த்தம்னு சீனியர் அக்காங்க சொன்னாங்க."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஃபிட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ திங்கற கொஞ்சத்தையும் ஓட்டமே தின்னுடுது. எலும்புக்குப் போக எதுவும் இல்ல. உடம்பு ஏழு மாசமா கத்திக்கிட்டிருக்கு, யாரும் காது கொடுக்கல. மூணு மாசத்துக்கு ஓடக் கூடாது."

தேர்வு போயிற்று. அவள் ஓவென்று அழுதாள். கோச்சுக்கு முகம் செத்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"எடையைத் தவிர நீங்க வேற எதையும் கேட்டதே இல்லையே சார்."

மறுநாள் காலை வராந்தாவில் மெஷினும் இல்லை, பலகையும் இல்லை. "தப்பு என்னோடது" என்று பன்னிரண்டு பேர் முன்னாலும் சொன்னார் கோச். பாதிப் பேருக்கு அவளைப் போலவே பீரியட்ஸ் நின்றுபோயிருந்தது என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அதன் பிறகு டாக்டரம்மா மாதம் ஒருமுறை வந்தார். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சாப்பாடு, வாரம் இரண்டு நாள் கட்டாய ஓய்வு. சமையல் அக்காவைக் கேட்காமல் பயிற்சி அட்டவணை போடுவதில்லை என்ற அளவுக்கு விஷயம் போனது. அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஐந்தாவது மாதம் அவள் கோச்சிடம் வந்து, "சார், வந்துடுச்சு" என்றாள். கோச்சின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் தலையைக் குனியாமல், "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

அடுத்த வருஷத் தேர்வில் இரண்டு நிமிடம் ஐந்து நொடியில் ஓடி முதலாவதாக வந்தாள். எதிரணிக் கோச் ஓடோடி வந்தார்.

"யோவ், என்னய்யா பண்ணினே? எத்தனை கிலோ குறைச்சே?"

"குறைக்கல. நாலு கிலோ ஏத்தினோம்."

"விளையாடாதேய்யா."

"நெஜமாத்தான் சொல்றேன். பட்டினி போட்டா உடம்பு இளைக்குமே தவிர, வேகம் வராது. ஓடச் சொல்றவன் முதல்ல சாப்பிட வைக்கணும், தூங்க விடணும். மாசாமாசம் உடம்பு சரியா இருக்கான்னு கேக்கறது வெக்கக்கேடு இல்லய்யா, கேக்காம விடறதுதான் வெக்கக்கேடு. உன் பொண்ணுங்க அங்க நிக்கறாங்க பாரு, போய்க் கேளு."